வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்



எங்க பக்கம் புஞ்சை வாங்க வர்றவங்க மொதல்ல கேக்குற கேள்வி, "வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சா?" முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்தா, அந்த சர்வே நம்பரை யாரு யாருக்கு எழுதிக் கொடுத்தாங்க, எந்த பேங்க்ல அடமானம் இருந்துச்சு, எப்போ மீட்டாங்கன்னு வரிசையா வந்துரும். பட்டா, சிட்டாவுல பேரும் பரப்பும் இருக்கும். அடங்கல்ல அந்த வருஷம் உளுந்து போட்டமா, பருத்தி போட்டமா, தரிசாக் கெடந்துச்சான்னு இருக்கும்.

அந்த மண்ணுல எந்த லாரி வந்து என்னத்தைக் கொட்டிட்டுப் போச்சுங்கிறது மட்டும் எந்தக் காகிதத்துலயும் இருக்காது.

சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல வேலை பாக்குற நண்பர்கள் பல பேரு இப்போ தூத்துக்குடி மாவட்டத்துல இடம் பாக்குறாங்க. "சும்மா கெடக்குற கரிசக் காடுதானே, அதுல என்ன கெடுதல் இருக்கப் போகுது?"ன்னு கேக்குறாங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். தொழிற்சாலைக் கழிவு எப்படி நிலத்துக்கு வந்து சேருதுங்கிற வரலாறு இது. நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட வரைக்கும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருது. கழிவு ராத்திரியில திருட்டுத்தனமா மட்டும் வர்றதில்ல. பல தடவை அது ஒரு பேரோடயும் ஒரு விலையோடயும் பட்டப்பகல்லயே வருது.

கரிசலும் கிராவலும்

கரிசலைத் தெரியாதவங்களுக்காக முதல்ல மண்ணைப் பத்திச் சொல்லிடுறேன். ஐப்பசி, கார்த்திகையில மழை பெய்யும்போது இந்த மண்ணு தண்ணியைக் குடிச்சு உப்பும். சித்திரை, வைகாசியில சுருங்கி வெடிக்கும். கை தாராளமா உள்ளே போற அளவுக்கு வெடிப்பு இருக்கும். சில இடத்துல குச்சியை விட்டா முழுக் குச்சியும் போயிரும். மேல கெடக்குற தூசி, சருகு, எரு எல்லாம் அந்த வெடிப்புல விழும். அடுத்த மழையில மண்ணு உப்பி வெடிப்பு மூடிக்கிடும். இப்படி வருஷா வருஷம் மேல் மண்ணும் கீழ் மண்ணும் தானாவே கலக்குது. கலப்பை படாமலே தன்னை உழுதுக்கிடுற மண்ணு இது.

இதுனால எங்களுக்கு நன்மை உண்டு. எரு உள்ளே போகும், ஈரம் நிக்கும், ரெண்டு நல்ல மழை கிடைச்சாலே கம்பும் பாசிப்பயறும் எந்திரிச்சுரும். ஆபத்தும் இதே குணத்துலதான் இருக்கு. மேல கொட்டுனது மேலயே நிக்காது. ஈயம், துத்தநாகம் மாதிரி உலோகங்களை இந்தக் களி இறுகப் பிடிச்சு வச்சுக்கிடும். ஆர்சனிக் மாதிரி சிலது, காரத்தன்மை உள்ள மண்ணுல அவ்வளவாப் பிடிபடாம தண்ணியோட நகரும். ரெண்டு வகையிலயும் சிக்கல்தான். ஒரு தடவை கலந்துட்டா சல்லடை போட்டுப் பிரிக்க முடியாது.

கரிசலுக்கு இன்னொரு குணம் உண்டு. அதுல கட்டடம் நிக்காது. உப்பிச் சுருங்குறதுல சுவர் கீறல் விடும். அதனால வீடு கட்டுறவங்க கரிசலைத் தோண்டி எடுத்துட்டு சரள் மண்ணோ கிராவலோ அடிச்சுத்தான் அஸ்திவாரம் போடுவாங்க. ரோடு போடவும் அப்படித்தான், பள்ளத்தை மேடாக்கி பிளாட் போடவும் அப்படித்தான். ஆக எங்க பக்கம் மண்ணை விலைக்கு வாங்கிக் கொட்டுறது புதுசு இல்ல. கம்மாய் வண்டலை வண்டியில அள்ளிட்டு வந்து புஞ்சையில பரப்புறது எங்க தாத்தா காலத்துப் பழக்கம். வெளியில இருந்து வர்ற மண்ணு நல்லதுதான் செய்யும்னு எங்களுக்கு ஒரு நம்பிக்கை ஊறிப் போயிருக்கு. கிராவல் விலை ஏறிக் கெடக்குறப்ப ஒரு புரோக்கர் வந்து, "மேடாக்க நல்ல கெட்டியான சரக்கு இருக்கு, லோடு வாடகை மட்டும் குடுங்க"ன்னு சொன்னா யாருக்கும் சந்தேகம் வராது.

இதை மனசுல வச்சுக்கிட்டு தூத்துக்குடி கதைக்கு வாங்க.

உப்பாற்று ஓடை ஓரத்துக் கறுப்பு மணல்

ஸ்டெர்லைட் தாமிர ஆலை முதல்ல மகாராஷ்டிராவுல ரத்னகிரியில வர்றதாத்தான் இருந்துச்சு. மாம்பழத்துக்குப் பேர் போன ஊரு. அங்க விவசாயிகளும் மீனவர்களும் எதிர்த்ததால 1993-ல அந்த அரசாங்கம் வேலையை நிறுத்தச் சொல்லிருச்சு. 1994 அக்டோபர்ல தூத்துக்குடியில அடிக்கல் நாட்டினாங்க. சில வருஷத்துலயே உற்பத்தி தொடங்கி, பிறகு வருஷத்துக்கு 4 லட்சம் டன் தாமிரம்ங்கிற அளவுக்கு வளந்துச்சு. மழை பொய்க்கிற சீமை இது. தீப்பெட்டி ஆபீஸை விட்டா கூலி வேலைக்கு வழி குறைவு. பெரிய ஆலை வருதுன்னா ஜனங்க வேலை கிடைக்கும்னுதான் மொதல்ல நினைப்பாங்க. அதைக் குறை சொல்ல முடியாது.

தாமிரம் எடுக்குற வேலை எப்படின்னு சுருக்கமாச் சொல்றேன். வெளிநாட்டுல இருந்து கப்பல்ல தாதுத் தூள் வரும். அதுல தாமிரம் ஏறத்தாழ கால் பங்கு, கொஞ்சம் கூடவும் இருக்கலாம். மிச்சத்துல பெரும்பங்கு இரும்பும் கந்தகமும். உலையில உருக்கும்போது கந்தகம் புகையாப் போகும். அதைப் பிடிச்சு கந்தக அமிலம் ஆக்குவாங்க. அந்த அமிலத்தைப் பாஸ்பேட் பாறைத் தூளோட சேத்து பாஸ்பாரிக் அமிலம் தயாரிப்பாங்க. ஒரு டன் பாஸ்பாரிக் அமிலத்துக்கு ஏறத்தாழ 5 டன் ஜிப்சம் மிச்சமாகும். இரும்பு, உலையில போடுற மணலோட சேந்து கசடா வெளியே வரும். அதுதான் காப்பர் ஸ்லாக். ஒரு டன் தாமிரத்துக்கு ரெண்டு டன்னுக்கு மேல ஸ்லாக். 4 லட்சம் டன் தாமிரம்னா எவ்வளவு ஸ்லாக்குன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

பாக்குறதுக்கு ஸ்லாக் கறுப்பா, பளபளன்னு, கண்ணாடித் தூள் கலந்த பெருமணல் மாதிரி இருக்கும். கையில அள்ளினா மணலை விடக் கனக்கும். இதை சிமெண்டுல சேக்குறாங்க, ரோட்டுக்குப் போடுறாங்க, கப்பல் துருவை அடிச்சு எடுக்கப் பயன்படுத்துறாங்க. அபாயகரமான கழிவுப் பட்டியல்ல இதைச் சேக்கல. அதையெல்லாம் நான் மறுக்கல. ஆனா அதுல மிச்சத் தாமிரமும், தாதுவைப் பொறுத்துக் கொஞ்சம் ஆர்சனிக், ஈயம் மாதிரி விஷயங்களும் இருக்கும். சிமெண்டுக்குள்ள இறுகிக் கெடக்குறது ஒரு விதம். ஓடைக் கரையில மலை மாதிரி குவிச்சு வெயிலும் மழையும் படுறது வேற விதம்.

குவிச்சது எங்கன்னா, தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில, உப்பாற்று ஓடையை ஒட்டி, பட்டா நிலத்துல. இந்த ஓடையை வெறும் சாக்கடை ஓடைன்னு நினைச்சுராதீங்க. கயத்தாறு, கடம்பூர், மணியாச்சிப் பக்கம் பெய்யுற காட்டு வெள்ளம் புதுக்கோட்டை, கோரம்பள்ளம் பக்கமா வந்து உப்பாற்று ஓடையிலதான் கடலுக்குப் போகணும். எங்க கரிசக்காட்டுத் தண்ணி கடல் சேருற வழிகள்ல அதுவும் ஒண்ணு. வருஷத்துல பத்து மாசம் காஞ்சு கெடக்கும். அதனாலதான் அதோட ஓரத்துல எதையும் கொட்டலாம்னு ஜனங்களுக்குத் தோணுது. மழை வந்தா அது ஓடை இல்ல, ஆறு. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெய்ஞ்சப்ப எங்க மாவட்டத்து ஓடைங்க என்ன கோலத்துல ஓடுச்சுன்னு டிவியில பாத்திருப்பீங்க.

வழக்கு வரலாறு நீளமானது. இந்தப் பதிவுக்குத் தேவையானதை மட்டும் சொல்றேன். 2010 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொல்லுச்சு. 2013 ஏப்ரல் 2-ல உச்ச நீதிமன்றம் அந்த மூடல் உத்தரவை ரத்து பண்ணிட்டு, மாசு படுத்தினதுக்காக 100 கோடி ரூபாய் கட்டச் சொல்லுச்சு. அந்தப் பணத்தைக் கலெக்டர் பேர்ல டெபாசிட் போட்டு, வட்டியை ஆலையைச் சுத்தின தண்ணி, மண்ணு உள்பட சுற்றுச்சூழலைச் சரி பண்ணச் செலவழிக்கணும்னு தீர்ப்பு. அதாவது ஆலை ஓடலாம், ஆனா மண்ணு கெட்டிருக்கு, அதுக்குக் காசு வைக்கணும்னு நாட்டோட பெரிய கோர்ட்டே ஒத்துக்கிட்ட விஷயம் இது.

2018 ஏப்ரல் 9-ல தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்கான இசைவாணையைப் புதுப்பிக்க மறுத்துச்சு. அதுக்கு அஞ்சு காரணம் எழுதினாங்க. நிலத்தடி நீர் பரிசோதனை அறிக்கைகளைக் கொடுக்கல. உப்பாற்று ஓடையை ஒட்டியும் பட்டா நிலத்துலயும் கெடக்குற ஸ்லாக்கை அகற்றல, ஸ்லாக் ஓடையில விழுந்து ஓட்டத்தை மறிக்காம இருக்கத் தடுப்பும் கட்டல. அபாயகரக் கழிவைக் கையாள்றதுக்கான அனுமதி 2013 ஜூலையிலயே முடிஞ்சு போச்சு. காத்துல ஆர்சனிக் மாதிரி கன உலோகம் எவ்வளவுன்னு சோதிக்கல. ஜிப்சம் தேக்குற குளத்தை மத்திய வாரியத்தோட வழிகாட்டுதல்படி அமைக்கல.

இந்த அஞ்சுல மூணு நேரடியாக் கழிவு சம்பந்தப்பட்டது. ஊரெல்லாம் பேசுனது புகையைப் பத்தி. ஏன்னா புகை கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும். ஸ்லாக் பேசாமக் கெடக்கும்.

2018 மே 22-ல நூறாவது நாள் போராட்டத்துல நடந்த துப்பாக்கிச் சூட்டுல 13 பேர் செத்தாங்க. மே 28-ல அரசு ஆலையை மூடி சீல் வச்சுது. அதுக்குப் பிறகு பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம், மறுபடி உயர் நீதிமன்றம்னு போயி, 2020 ஆகஸ்ட் 18-ல உயர் நீதிமன்றம் மூடினது சரின்னு சொல்லுச்சு. 2024 பிப்ரவரி 29-ல உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி பண்ணிருச்சு.

அந்த வழக்குல ஸ்லாக் பத்தின வாதம்தான் என்னை யோசிக்க வச்சது. இது அபாயகரக் கழிவு இல்ல, இதை வித்தாச்சு, வாங்கினவர் தன்னோட பட்டா நிலத்துல போட்டிருக்காருங்கிற மாதிரி கம்பெனி தரப்பு வாதம் போச்சு. தனியார் நிலம் உள்பட 11 இடங்கள்ல ஸ்லாக் கொட்டியிருந்த விஷயம் தீர்ப்புகள்ல வந்துச்சு. வித்ததோட பொறுப்பு தீந்துருச்சுங்கிறதை நீதிமன்றம் ஏத்துக்கல.

கேட்டைத் தாண்டுற வரைக்கும் கழிவு. ஒரு பில்லு போட்டதும் சரக்கு. சரக்குன்னு ஆனதும் அது எங்க போகுதுன்னு எழுதி வைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமப் போயிருது. நிலத்துக்காரருக்கு அது மேடாக்குற மண்ணு. அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்ண? கரிசல்ல மேடாக்காம எதுவும் பண்ண முடியாதே.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். ஆலை மூடினதுல வேலை போனவங்க உண்டு, லாரி வச்சு நொடிச்சுப் போனவங்க உண்டு. தாமிரத்தை ஏற்றுமதி பண்ணிட்டிருந்த நாடு இறக்குமதி பண்ற நாடா மாறிப் போச்சு. உச்ச நீதிமன்றமும் ஆலையோட பொருளாதாரப் பங்கை மறுக்கல. ஆனாலும் மக்களோட உடல்நலத்தை முன்னால வச்சுத்தான் முடிவெடுத்துச்சு. மூடின பிறகும் உள்ளே கெடந்த ஜிப்சத்தை வெளியேத்த 2023 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி அனுமதி வாங்க வேண்டி இருந்துச்சு. உற்பத்தி நின்னு 5 வருஷம் கழிச்சு.

ஜிப்சம்னா விவசாயிக்கு அந்நியம் இல்ல. கடலைக்கு 40, 45-வது நாள் களை வெட்டி மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடச் சொல்லுவாங்க. களர் நிலத்தைத் திருத்தவும் போடுவாங்க. சுரங்கத்துல வெட்டி எடுத்ததும் ஜிப்சம்தான், ஆலையில மிச்சமானதும் ஜிப்சம்தான். ஆலை ஜிப்சத்துல, பயன்படுத்தின பாறையைப் பொறுத்து ஃபுளோரைடும் வேற சிலதும் இருக்கலாம். மூட்டையில எங்கேருந்து வந்ததுன்னு பாத்து வாங்கறவங்க எங்கள்ல எத்தனை பேரு?

மலை மேல பழைய இரும்புக் கடை

இதே மாதிரி, வித்து வெளியே வந்த கழிவு கோடைக்கானல்லயும் உண்டு.

அமெரிக்காவுல நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுன்ல இருந்த தெர்மாமீட்டர் ஆலையோட இயந்திரங்களை 1983 வாக்குல கோடைக்கானலுக்குக் கொண்டு வந்தாங்க. அப்போ அது பாண்ட்ஸ் கம்பெனி. பிறகு உலக அளவுல யூனிலீவர் அந்தக் கம்பெனியை வாங்க, இங்க ஆலை இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்துச்சு. ஆலைக்குப் பின்னாடியே பாம்பார் சோலை. அந்தச் சோலையில பொறக்குற தண்ணிதான் பாம்பாறு. பெரியகுளத்துக்குப் பக்கத்துல கும்பக்கரை அருவியா விழுறது அந்தத் தண்ணி.

தெர்மாமீட்டர்னா கண்ணாடிக் குழாய்க்குள்ள பாதரசம். தயாரிக்கும்போது உடையும். உடைஞ்ச கண்ணாடியில பாதரசம் ஒட்டிக்கிட்டு இருக்கும். பாதரசம் சாதாரண வெயில்லயே கொஞ்சங் கொஞ்சமா ஆவியாகும். மூச்சுல போனா நரம்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

2001 மார்ச்சுல கோடைக்கானல் மூஞ்சிக்கல்ல ஒரு பழைய சாமான் கடையில உடைஞ்ச தெர்மாமீட்டர் கண்ணாடி மூட்டை மூட்டையாக் கெடக்குறதை உள்ளூர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளியே கொண்டு வந்தாங்க. 5.3 டன் கண்ணாடிக் கழிவு நடைமுறையை மீறிக் கடைக்காரருக்கு விற்கப்பட்டதாக் கம்பெனியே ஒத்துக்கிட்டு அந்த மாசமே ஆலையை மூடிருச்சு. இங்கயும் பாருங்க, யாரும் குழி தோண்டிப் புதைக்கல. எடை போட்டு வித்திருக்காங்க. கடைக்காரருக்கு அது கண்ணாடி.

2003-ல ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவைக் கப்பலேத்தி அமெரிக்காவுல பென்சில்வேனியாவுக்கு அனுப்பினாங்க. ஏழை நாட்டுல இருந்து பணக்கார நாட்டுக்குக் கழிவு திரும்பிப் போனது அபூர்வம்னு அப்போ பேசப்பட்டுச்சு. ஆனா கண்ணாடியைத்தான் டிரம்ல அடைச்சு அனுப்ப முடியும். ஆலை வளாகத்து மண்ணுல கலந்த பாதரசம் அங்கயே நின்னு போச்சு.

மண்ணை எவ்வளவு சுத்தம் பண்ணினாப் போதும்ங்கிறதுல வருஷக்கணக்கா வழக்கு. ஒரு கிலோ மண்ணுல 20 மில்லிகிராம் பாதரசம் வரைக்கும் இருக்கலாம், அது குடியிருப்புப் பகுதிக்குப் போதும்னு ஒரு அளவு வச்சாங்க. பக்கத்துலயே சோலைக்காடும் ஓடையும் இருக்கு, அதனால இன்னும் கீழே கொண்டு வரணும்னு ஆர்வலர்கள் கேட்டாங்க. தோண்டினா மழையில மண்ணு சரிஞ்சு காட்டுக்குள்ளயே போயிருமேங்கிற கவலையும் இருந்துச்சு. மண்ணைக் கழுவி, பாதரசம் ஒட்டுன நுண்மண்ணைத் தனியாப் பிரிச்சு, அதை மூடுன பாத்திரத்துல சூடு பண்ணிப் பாதரசத்தை ஆவியாக்கித் திரும்பப் பிடிக்கிற முறை. இந்த வேலை முழு அளவுல தொடங்கவே ஆலை மூடி ஏறத்தாழ 20 வருஷம் ஆயிருச்சு. ஆலை ஓடினதே 18 வருஷம்தான்.

தொழிலாளிகளோட கதை தனி. 2006-ல உயர் நீதிமன்றம் போனாங்க. 2015-ல சென்னையைச் சேந்த சோஃபியா அஷ்ரஃப் பாடின "கோடைக்கானல் வோன்ட்" பாட்டு இன்டர்நெட்ல உலகம் பூரா பரவினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2016 மார்ச்சுல 591 முன்னாள் தொழிலாளிகளோட கம்பெனி உடன்பாடு பண்ணிக்கிட்டுச்சு. மண்ணுக்காகப் பேச மட்டும் அப்படிச் சங்கம் கிடையாது.

வாங்க ஆள் இல்லாத கழிவு

விலைக்குப் போகாத கழிவு என்ன ஆகும்? ராணிப்பேட்டையைப் பாருங்க. 1970-கள்ல அங்க தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்னு ஒரு ஆலை வந்துச்சு. தோல் பதனிடுறதுக்கான குரோமிய உப்பு தயாரிச்சாங்க. 1990-களின் நடுவுல மூடிட்டாங்க. போகும்போது ஒன்றரை லட்சம் டன் அளவுக்குக் குரோமியக் கசடைத் திறந்தவெளியிலயே விட்டுட்டுப் போயிட்டாங்க. மழை பெய்ஞ்சா குரோமியம் கரைஞ்சு மஞ்சளா ஓடும், நிலத்தடி நீர்லயும் இறங்கும். 2006-ல உலகத்துலயே மோசமா மாசுபட்ட பத்து இடங்கள்ல ஒண்ணா ராணிப்பேட்டையை ஒரு அமெரிக்க அமைப்பு பட்டியல் போட்டுச்சு. ஆலை இல்ல, கசடு மட்டும் இருக்கு. யாரு அள்றது, யாரு காசு கொடுக்குறதுங்கிற கேள்வியிலயே ஒரு தலைமுறை போயிருச்சு.

போபாலும் அப்படித்தான். விஷவாயு கசிஞ்சது 1984 டிசம்பர். யூனியன் கார்பைடு ஆலைக்குள்ள கெடந்த 337 டன் கழிவை வெளியே எடுத்தது 2025 ஜனவரி. 12 கண்டெய்னர்ல ஏத்தி, 250 கிலோமீட்டர் தள்ளி இருக்குற பிதம்பூருக்குக் கொண்டு போனாங்க. அங்க இருந்த ஜனங்க "எங்க ஊர்லயா எரிக்கப் போறீங்க?"ன்னு தெருவுல இறங்கிட்டாங்க. கடைசியில 2025 நடுவுல எரிச்சு முடிச்சாங்க. 40 வருஷம். அதுவும் சேகரிச்சு வச்சிருந்த கழிவு மட்டும்தான். மண்ணுக்குள்ளயும் தண்ணிக்குள்ளயும் போனது இதுல சேராது.

ஒரு டாலர் கிரயம்

கிரயப் பத்திரத்துல இதை எழுதி வச்ச ஊர் ஒண்ணு உண்டு. அதனால என்ன ஆச்சுன்னும் பாருங்க.

அமெரிக்காவுல நயாகரா அருவிக்குப் பக்கத்துல லவ் கேனல்னு ஒரு இடம். லவ்ங்கிறவர் வெட்டத் தொடங்கிப் பாதியில விட்ட கால்வாய். ஹூக்கர் கெமிக்கல்ங்கிற கம்பெனி 1940-கள்ல இருந்து ஏறத்தாழ 21,000 டன் ரசாயனக் கழிவை அதுல புதைச்சு, மேல மண்ணைப் போட்டு மூடிருச்சு. 1953-ல அந்த நிலத்தை ஊர்ப் பள்ளிக்கூட நிர்வாகத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்துச்சு. கீழே ரசாயனம் இருக்கு, இனிமே ஏதாவது ஆனா கம்பெனி பொறுப்பு இல்லன்னு பத்திரத்துலயே ஒரு ஷரத்து.

பள்ளிக்கூடம் கட்டினாங்க. சுத்தி வீடு வந்துச்சு. வீடு வாங்கின குடும்பங்களுக்கு அந்த ஷரத்து தெரியாது. 1970-கள்ல மழையும் பனியும் கூடி நிலத்தடி நீர் ஏறினப்ப வீட்டு நிலவறையில எல்லாம் ரசாயனம் கசிஞ்சுது. லோயிஸ் கிப்ஸ்னு ஒரு இல்லத்தரசி, அவங்க பையன் அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவன், வீடு வீடாப் போயி யாருக்கு என்ன நோய்னு கணக்கெடுத்துப் போராடினாங்க. 1978-ல அதிபர் கார்ட்டர் அவசரநிலை அறிவிச்சார். 1980-ல சூப்பர்ஃபண்ட்ங்கிற சட்டம் வந்துச்சு. மாசு படுத்தினவங்ககிட்ட காசு வசூலிச்சு, ஆள் இல்லாட்டி நிதியில இருந்து எடுத்து, கைவிடப்பட்ட இடங்களைச் சுத்தம் பண்ற சட்டம்.

அங்க ஷரத்தாவது இருந்துச்சு. அது வித்தவங்களைக் காப்பாத்த எழுதினது, வாங்குறவங்களைக் காப்பாத்த இல்ல. எங்க ஊர்ல அதுவும் இல்ல.

இப்போ என்ன வழி

நம்ம நாட்டுலயும் 2025 ஜூலையில ஒன்றிய அரசு மாசுபட்ட இடங்களுக்குன்னு தனியா விதிகள் கொண்டு வந்திருக்கு. அதுக்கு முன்னால கழிவை எப்படிக் கையாளணும்னு விதி இருந்துச்சு. ஏற்கெனவே கெட்டுப் போன நிலத்தை என்ன பண்ணணும்னு தனி விதி இல்ல. புது விதிப்படி மாவட்ட நிர்வாகம் சந்தேகத்துக்குரிய இடங்களைப் பத்தி ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அறிக்கை கொடுக்கணும். மாநில வாரியம் 90 நாளுக்குள்ள முதல்கட்ட ஆய்வு பண்ணணும், அதுக்கப்புறம் மூணு மாசத்துல விரிவான ஆய்வு. மாசு படுத்தினவங்களைக் கண்டுபிடிச்சு செலவை வசூலிக்கணும். நாடு முழுக்க 103 இடங்களைக் கண்டுபிடிச்சிருக்காங்க, அதுல 7 இடத்துல மட்டும் சுத்தம் பண்ற வேலை தொடங்கியிருக்குன்னு அப்போ செய்தி வந்துச்சு. எத்தனை வருஷத்துக்குள்ள சுத்தம் பண்ணி முடிக்கணும்ங்கிற கெடு விதியில இல்லைங்கிறது ஒரு குறை.

இதுல எனக்கு முக்கியமாப் படுறது மாவட்ட நிர்வாகத்தோட ஆறு மாச அறிக்கை. கலெக்டர் ஆபீசுக்கு எந்தப் பள்ளத்துல என்ன கெடக்குதுன்னு எப்படித் தெரியும்? ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும். லாரி ஓட்டினவருக்குத் தெரியும். பக்கத்துப் புஞ்சைக்காரருக்குத் தெரியும். அவங்களுக்கும் வயசாகுது. அவங்க போயிட்டா எந்த வருஷம், எத்தனை லோடு, எங்கேருந்து வந்துச்சுங்கிறதும் சேந்து போயிரும். அதனால கிராம சபையில சர்வே நம்பர், வருஷம், கொட்டின சரக்கு இதைச் சொல்லித் தீர்மானமாப் பதிவு பண்ணி, நகலை வி.ஏ.ஓ. மூலமாவும் தபால்லயும் கலெக்டருக்கு அனுப்புங்க. என் ஆசை, அடங்கல்ல பயிருக்கு ஒரு கட்டம் இருக்குற மாதிரி கொட்டின மண்ணுக்கும் ஒரு கட்டம் வரணும். வில்லங்கச் சான்றுலயும் அது ஏறணும். கடன் இருக்கிற நிலம்னா வாங்குறவருக்குத் தெரியணும்னு சட்டம் வச்சிருக்கோமே, விஷம் இருக்குற நிலம்னா தெரிய வேண்டாமா?

இடம் வாங்குற நண்பர்களுக்கு மூணு விஷயம். பத்திரம் பாக்குறதோட நிக்காம, பக்கத்துக் காட்டுக்காரர்கிட்ட ஒரு அரை மணி நேரம் பேசுங்க. "இந்தப் பள்ளம் எப்போ மேடாச்சு? எதைப் போட்டு மேடாக்கினாங்க?"ன்னு கேளுங்க. ரெண்டாவது, நாலஞ்சு இடத்துல மூணு அடி குழி தோண்டிப் பாருங்க. கரிசல் கையில பிசுபிசுன்னு ஒட்டும், உருட்டினா உருண்டை ஆகும். கறுப்பா இருந்தும் ஒட்டாம, கண்ணாடி மாதிரி மினுங்கி, கனமா இருந்தா அது எங்க மண்ணு இல்ல. மூணாவது, மண் வள அட்டையை மட்டும் நம்பாதீங்க. அதுல கார அமிலத் தன்மை, உப்பு, தழை மணி சாம்பல் சத்து, துத்தநாகம், இரும்பு மாதிரி நுண்ணூட்டம் இதெல்லாம் பாப்பாங்க. பயிருக்கு என்ன போடணும்னு சொல்ற அட்டை அது. ஈயம், ஆர்சனிக், பாதரசம், குரோமியம் அதுல வராது. சந்தேகம் இருந்தா அதுக்குன்னு தனியாக் கேட்டு, மண்ணையும் கிணத்துத் தண்ணியையும் சேத்தே பரிசோதனைக்குக் கொடுங்க.

எங்க ஊர்க்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. லோடு மலிவா வருதுன்னா, அது எந்த கேட்டுல இருந்து வருதுன்னு கேட்டு, பில்லை வாங்கி பத்திரத்தோட சேத்து வைங்க. பில்லு தர முடியாதுன்னா லாரியைத் திருப்பி அனுப்பிருங்க.